தேய்ச்சா தேயும், துடைச்சா நிக்கும்

வாங்க தொரை. வண்டியோட வந்திருக்கீக. தெருமுனை திரும்பும்போதே சத்தம் வந்து சேந்துருச்சு, நீங்க இப்பத்தான் வர்றீக. உக்காருங்க. வண்டிய மட்டும் அந்த வேப்பமரத்தடியில விடாதீக, மேல காக்கா கூடு கட்டியிருக்கு. அது போடுற எச்சம் வெயில்ல ஒரு பகல் கிடந்தாப் போதும், டேங்க் பெயிண்ட்டுல தடம் விழுந்துரும்.

சைலன்சர்ல செம்புள்ளி விழுந்துருச்சு, வாங்கி வருசம் திரும்பல, கம்பெனிக்காரன் ஏமாத்திப்புட்டான்னு உங்க அப்பத்தாகிட்ட அழுதியாம்ல? அவளும் மண்ணை வாரித் தூத்தியிருப்பா, எம்பேரனை ஏமாத்துனவன் வெளங்க மாட்டான்னு. முதல்ல அந்தச் சாபத்தைத் திருப்பி வாங்கச் சொல்லு. இல்லாட்டி அது நேரா உன் தலையிலதான் வந்து இறங்கும். ஏன்னா வண்டிக்குத் துரு புடிக்க வச்சவன் நீதான்.

அரிச்சல்முனை வீடியோவ ஊரே பாத்துச்சு, நானும் பாத்தேன். 2017-ல தனுஷ்கோடியைத் தாண்டி முனை வரைக்கும் தார் ரோடு போட்டுக் குடுத்தாக. எதுக்கு? ரோட்டுல போறதுக்கு. நீ ரோட்டை விட்டுட்டு மணல்ல இறக்கி, அலை வந்து சக்கரத்தை நனைக்கையில ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்ன. பாட்டு கூட சேத்திருந்த. நல்லாத்தான் இருந்துச்சு. உன் மூஞ்சியத்தான் எல்லாரும் பாத்தாக, நான் சக்கரத்துக் கம்பியத்தான் பாத்தேன்.

அன்னைக்கு ராத்திரி வந்து என்ன செஞ்ச? ஒட்டியிருந்த மணலைத் துணியால தட்டிவிட்டுட்டு, தார்ப்பாயை இழுத்துப் போத்திட்டுப் படுத்துட்ட. ரொம்ப நல்ல காரியம். துரு வளக்க ஆசைப்படுறவனுக்கு இதைவிடத் தோதான வழி கிடையாது. அதுக்கு உப்பு வேணும், ஈரம் வேணும், கொஞ்சம் காத்து வேணும், வெயில் வந்து காயவச்சுறக் கூடாது. நாலையும் ஒரே தார்ப்பாய்க்குள்ள வச்சுக் கட்டிக் குடுத்த. உன்னைய மாதிரி உபகாரி ஊருக்கு ஒருத்தன் இருந்தா பழைய இரும்புக்காரன் பொழச்சுக்கிருவான்.

"அய்யா, வெள்ளனே பாத்தப்ப வண்டி காஞ்சுதான் இருந்துச்சு"ங்கிற. அடுப்படிக்குப் போயி உப்புச் சாடியைத் தொறந்து பாரு. ஐப்பசி, கார்த்திகையில அது நசநசன்னு கிடக்கும். யாரும் தண்ணி ஊத்தல. காத்துல ஈரப்பதம் 75 சதத்தைத் தாண்டிட்டா சோத்து உப்பு தானா காத்துலருந்து தண்ணிய இழுத்துக் கரையும். கடல் தண்ணியில அந்த உப்பு மட்டுமா இருக்கு? மக்னீசியம் குளோரைடும் கிடக்கு. அதுக்கு 75 கூட வேணாம், 33 சதம் போதும். மண்டபம் பக்கத்துல என்னைக்குடா காத்து அவ்வளவு காஞ்சு கிடக்கு? அதனால கடல் தண்ணி பட்ட இரும்பு காஞ்சதாத் தெரியும், காயாது. ராத்திரி நீ தூங்குவ, அது வேலை பாக்கும்.

நமக்குக் கடலும் ஒண்ணுக்கு ரெண்டு. வடக்க பெண் கடல், தெக்க ஆண் கடல். வாடை அடிச்சா அங்கிட்டு இருந்து உப்புச் சாரல், சோழகம் அடிச்சா இங்கிட்டு இருந்து. வண்டியை அலையில இறக்கணும்னு அவசியமே இல்ல, வாசல்ல நிறுத்தினாலே கடல் தேடி வந்து பூசிட்டுப் போகும். துரு புடிக்கிறதுன்னா என்ன தெரியுமா? இரும்புல ஒரு இடம் கரையுது, பக்கத்துல இன்னொரு இடத்துல காத்துல உள்ள ஆக்சிஜன் வந்து சேருது, ரெண்டுக்கும் நடுவுல ஈரத்து வழியா மின்சாரம் ஓடுது. நல்ல தண்ணின்னா அது பையத்தான் ஓடும். உப்புத் தண்ணின்னா தடையில்லாமப் பாயும். பேட்டரி இல்லாம ஸ்டார்ட் ஆகாத உன் வண்டியில, நீ கேக்காமலே ஆயிரம் சின்ன பேட்டரி ஓடிக்கிட்டு இருக்கு.

இதையெல்லாம் நான் கனாக் கண்டு சொல்லல. காரைக்குடியில சிக்ரின்னு ஒரு ஆராய்ச்சிக் கூடம் இருக்குல்ல, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து வந்தது, 1953-ல தொறந்தாக. உலோகம் எப்படி அரிக்குதுன்னு பாக்குறதும் அவுக வேலையில ஒண்ணு. அதுக்கு நம்ம மண்டபத்துலயே நிலையம் வச்சு, உலோகத் துண்டுகளைச் சட்டத்துல மாட்டி உப்புக் காத்துல விட்டு, எவ்வளவு கரைஞ்சுதுன்னு எடை போட்டுப் பாத்தாக. இரும்பு துருப்பிடிக்கிறதை வேடிக்கை பாக்க அவுகளுக்குச் சம்பளம் உண்டு. நீ மாசாமாசம் தவணை கட்டிக்கிட்டு அதே வேலையைச் செய்ற.

பாம்பன் பாலத்தை எடுத்துக்க. 1914-ல தொறந்தது. அதுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை ஓஞ்சதே கிடையாது. அம்புட்டுக் கவனிச்சும், தூக்குப் பாலத்துல அரிப்புக் கூடிப் போச்சுன்னு 2022 டிசம்பர்ல ரயிலை நிப்பாட்டிட்டாக. 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் தொறந்தாக. அதுல துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன்னு ஒரு விசேஷப் பெயிண்ட்டு. ரயில்வேக்காரனே இம்புட்டுப் பயப்படுற காத்துல, தொரை ஒரு தார்ப்பாயை நம்பித் தூங்குறாரு.

"டெல்லியில இரும்புத் தூணு 1600 வருசமா துருப்பிடிக்காம நிக்குதே"ன்னு போன வாட்டி எங்கிட்டயே மடக்குன. நிக்குது, மறுக்கல. அந்த இரும்புல பாஸ்பரஸ் கூட, அதுவே மேல ஒரு படலம் கட்டிக்கிருச்சு. டெல்லிக் காத்தும் வருசத்துல பாதி நாளு வறண்ட காத்து. அதைப் புடுங்கியாந்து அரிச்சல்முனையில நட்டுப் பாப்பமா?

சரி, உன் சைலன்சருக்கு வருவோம். மேல மின்னுறது பூராம் குரோமுன்னு நினைச்சுக்கிட்டு இருக்க. அடியில இரும்பு, அதுக்கு மேல நிக்கல், அதுக்கும் மேலதான் குரோம். அந்தக் குரோம் எவ்வளவு கனம்னு நினைக்கிற? ஒரு மைக்ரான் கூட இருக்காது. உன் தலைமுடி ஒண்ணு 50 மைக்ரானுக்குக் குறையாம இருக்கும். (இருக்கிற வரைக்கும் அளந்து வச்சுக்க, உங்க அப்பனுக்கு முப்பதுலயே போயிருச்சு.) அவ்வளவு மெல்லிசான பூச்சுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் வெடிப்பும் இருக்கத்தான் செய்யும். உப்பு ஈரம் அது வழியா இறங்கி, நிக்கல்லயும் ஒரு பொத்தலைக் கண்டுபிடிச்சு, இரும்பைத் தொட்டுரும். துரு இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும். உள்ள இடம் பத்தாமத்தான் வெளிய வந்து எட்டிப் பாக்குது. நீ பாத்த செம்புள்ளி இன்னைக்குப் புடிச்சது இல்ல, ரொம்ப நாளாக் குடியிருந்து இன்னைக்குத்தான் வாசல்ல வந்து நிக்கிது.

புள்ளியைப் பாத்ததும் நீ செஞ்ச காரியம் இருக்கே, அது அதைவிட விசேஷம். டவுனுக்குப் போயி மெட்டல் பாலிஷ் டப்பா வாங்கியாந்து, ஞாயித்துக்கிழமை பூராம் சைலன்சரு, எஞ்சின் மூடின்னு ஒண்ணு விடாமக் கை வலிக்கத் தேய்ச்ச. பக்கத்து வீட்டுப் பொண்ணு தண்ணிக்குடத்தோட போகையில இன்னும் அழுத்தித் தேய்ச்ச, அதையும் பாத்தேன். தேய்க்கத் தேய்க்கத் துணி கருப்பாச்சு. "அய்யா, எம்புட்டு அழுக்கு பாருங்க"ன்னு பெருமையா வேற காட்டுன. எஞ்சின் மூடியத் தேய்ச்சப்ப வந்த கருப்பு அழுக்கு இல்லடா கூறுகெட்டவனே, அதுதான் உன் வண்டி. பாலிஷ் பசைக்குள்ள நைசான அரைக்கிற தூள் இருக்கு. அது அலுமினியத்தைச் சீவி எடுத்துத்தான் பளபளப்பைக் காட்டும். நீ துணியில அள்ளி அள்ளிக் குப்பையில போட்டது, தவணையில வாங்குன அலுமினியம்.

அலுமினியத்துக்கு மேல கம்பெனியிலயே நிறமில்லாத ஒரு லாக்கர் பூச்சு அடிச்சு விடுறது உண்டு. பாலிஷ் அதைச் சுரண்டி எடுத்துரும். அன்னைக்கு ஒரு நாளு கண்ணாடியா மின்னும், அடுத்த மழைக்கு வெள்ளை வெள்ளையாப் பூத்துரும். அப்புறம் மாசாமாசம் தேய்ச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். பாலிஷ் விக்கிறவனுக்கு நல்ல ஏவாரம். மேட்டு பினிஷ் பெயிண்ட்டுல தேய்ச்சா, நடுவுல மட்டும் வழுக்கையா மின்னும். சாயம் ஏத்துன அனோடைஸ் சாமான்ல தேய்ச்சா சாயமே போயிரும். துருப்பிடிக்காத எஃகு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கும். ஆனா எஞ்சினை ஒட்டுன குழாய் நீலமாவும் தங்கமாவும் மாறுதே, அது சூட்டுல வர்ற நிறம், துரு கிடையாது. அதைப் பாத்தும் அழாத. ஆகமொத்தம் எந்த இடம் என்ன உலோகம், மேல என்ன பூச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கைய வையி. தெரியலைன்னா கைய வைக்காத. அதுவும் ஒரு பராமரிப்புத்தான்.

உன் செல்போன்ல ஒருத்தன் சொல்றானே, பற்பசை போடு, எலுமிச்சம்பழம் தேய், புளி தேய், கோலா ஊத்துன்னு. அவன் வண்டிய ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு. புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. அமிலம் மேல இருக்கிற கறையைக் கரைச்சிரும், அப்பத்தா உடனே கழுவித் துடைச்சுப் பொட்டு வச்சிருவா. அதையே எஞ்சின் மூடியில தேய்ச்சா அலுமினியம் மங்கிப் போகும். அலுமினியத்துக்குப் புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. துணி துவைக்கிற தூளையும் பாத்திரம் விளக்குற கட்டியையும் அதுக்குத்தான் வேணாங்கிறேன், அதுல சோடா இருக்கு. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரு இன்னும் மோசம். கோடு விழுறது போக, உடைஞ்ச கம்பித் துகள் இடுக்குல ஒட்டிக்கிட்டு அதுவே முதல்ல துருப்பிடிக்கும். நீ துருவை எடுக்கப் போயி வெதை போட்டுட்டு வந்திருப்ப.

அழாத, குரோமுக்கு ஒரு வழி இருக்கு. ஓட்டல்ல புரோட்டா மடிச்சுக் குடுக்குற அலுமினியத் தாளு இருக்குல்ல, அதைக் கசக்கி உருண்டையாக்கி, நல்ல தண்ணியில நனைச்சு, செம்புள்ளி மேல மட்டும் பைய தேய். அலுமினியம் குரோமைவிட மெத்து, அதனால குரோம்ல கோடு விழாது. துரு மட்டும் கழண்டு வரும். வந்ததும் கழுவு, ஈரம் போகத் துடை, மெழுகைப் பூசு. இதுவும் மேலோட்டமா விழுந்த புள்ளிக்குத்தான். குரோம் கொப்புளிச்சு உரிஞ்சு வந்துருச்சுன்னா, தாளும் கேக்காது, தைலமும் கேக்காது. உரிச்சுட்டு மறுபடி முலாம் போடணும், இல்ல சாமானை மாத்தணும். புரோட்டாவைத் தின்னுட்டுத் தாளை எடுத்துக்கிட்டு வா, எண்ணெயோட தேய்ச்சுத் தொலைக்காத.

ஆயுத பூசைக்கு வருவோம். வருசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் வண்டி முழுசாக் குளிக்கும். அதுவும் நம்ம ஆழ்குழாய்த் தண்ணியில. அந்தத் தண்ணிய வாயில வச்சுப் பாத்திருக்கியா? உவர்ப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணி. குளிப்பாட்டுன ஈரம் காயுமுன்ன சந்தனம், குங்குமம், ஹேண்டில்பார்ல மாலை, ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, ஃபோர்க்குல திருஷ்டிக் கயிறு. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் நசுங்கி, சாறு ரிம்முல தெறிக்கும். சாமி கோவிச்சுக்காது, கும்பிடு, வேணாங்கல. மறுநாள் காலையில மாலையை எடு, சந்தனத்தைத் துடை, நல்ல தண்ணி ஊத்து. நீ மாலை அழுகி நாறுற வரைக்கும் விட்டு வைப்ப. அந்தக் கருப்புக் கயிறு வருசம் பூராம் உப்புத் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கிட்டு, கட்டுன இடத்துலயே குரோமைத் தின்னுக்கிட்டு இருக்கும். ஊர்க் கண்ணு படாம இருக்கக் கட்டுன கயிறு, அதுக்கடியில என்ன நடக்குதுன்னு உன் கண்ணுலயும் படல.

இப்ப நம்ம தெருவுக்கு மீன் கொண்டு வர்றவரைப் பாரு. பழைய எக்ஸெல் வண்டி. பின்னாடி மீன் பெட்டி, ஐஸ் உருகி உப்புத் தண்ணி செயின் மேலயும் ரிம்மு மேலயும் சொட்டிக்கிட்டே வரும். அந்த வண்டி ஒரு நாளும் மின்னி நான் பாத்தது இல்ல. பெயிண்ட்டு போயிருச்சு, சீட்டு கிழிஞ்சிருச்சு. ஆனா சட்டத்துல ஓட்டை விழல, செயின் இறுகல, காலையில ஒரே மிதியில எந்திரிக்கும். அவரு பாலிஷ் டப்பா பாத்ததே கிடையாது. ஏவாரம் முடிஞ்சதும் ஊருணிக் கரையில வண்டிய நிறுத்தி, வாளியில மொண்டு நாலு வாளி நல்ல தண்ணி ஊத்துவாரு. பழைய லுங்கியால துடைப்பாரு. செயினுக்கு எண்ணெய் விடுவாரு. அம்புட்டுத்தான் வித்தை. உன் வண்டி விலையில அவரு வண்டி பாதி கூட வராது, ஆனா பத்து வருசம் கழிச்சு எது ஓடும்னு பந்தயம் கட்டச் சொன்னா நான் மீன் வண்டி மேலதான் கட்டுவேன்.

அதனால கழுவுற முறையைக் கேட்டுக்க. குழாயில காவிரித் தண்ணி வர்ற நாளு ரெண்டு குடம் தனியா எடுத்து வையி, இல்லாட்டி மழைத் தண்ணியப் புடிச்சு வையி. வண்டி சூடா இருக்கையில ஊத்தாத, ஆறட்டும். முதல்ல வெறுந் தண்ணி ஊத்தி மணலையும் உப்பையும் இறக்கு. மணலோட துணி வச்சுத் தேய்ச்சா பெயிண்ட்டுல கோடு போடுற, அவ்வளவுதான். அப்புறம் வண்டிக்குன்னு விக்கிற ஷாம்பு கொஞ்சம். மேல கழுவுறது யாருக்கும் தெரியும், குனியணும்டா. மட்கார்டுக்கு உள்பக்கம், ஸ்விங் ஆர்முக்கு அடி, சைடு ஸ்டாண்டு முட்டு, சக்கரக் கம்பி ரிம்முல இறங்குற மூட்டு, சைலன்சருக்குப் பின்பக்கம். துரு உன் கண்ணுக்கு எதிர்ல உக்காராது, நீ குனிய மாட்டங்கிற இடம் பாத்துத்தான் உக்காரும். கார் கழுவுற இடத்துல பீச்சாங்குழாய் வச்சு அடிக்கச் சொல்லாத. தண்ணி பேரிங்குக்குள்ள பூந்து, உள்ள இருக்க கிரீசை வெளிய அனுப்பிரும்.

கழுவுனதும் பழைய வேட்டியால ஈரம் எடு. பொறவு வண்டிய எடுத்துக்கிட்டு உச்சிப்புளி வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வா. காத்துலயும் எஞ்சின் சூட்டுலயும் இடுக்குல இருக்க ஈரம் போயிரும். இதுல இன்னொரு சங்கதியும் இருக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா எவ்வளவு தண்ணி வரும்னு சொல்லு பாப்பம். ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆமாடா, எரியுற பெட்ரோல்ல இருந்துதான் தண்ணி. சைலன்சர் நல்லாச் சூடேறிருச்சுன்னா ஆவியா வெளிய போயிரும். நீ வீட்டுலருந்து டீக்கடை, டீக்கடையிலருந்து வீடுன்னு போற. அது சூடேறவே இல்ல. ஆவி உள்ளயே குளுந்து தண்ணியாகி, புகையில உள்ள அமிலமும் சேந்து, தகட்டை உள்ளருந்து தின்னும். வெளிய நீ பாலிஷ் போடுற, உள்ள அது சாப்பிடுது. டீக்கடைக்கு நடந்து போ. வண்டிக்கும் நல்லது, தொந்திக்கும் நல்லது. சைலன்சர் அடியில தண்ணி வடிய சின்ன ஓட்டை இருந்தா, ஓட்டையாயிருச்சுன்னு எம்சீல் வச்சு அடைச்சுறாத.

செயின்ல வந்து கைய வையி. 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா, மழையிலயோ கடல் ஓரத்துலயோ போயிட்டு வந்தா உடனே. மண்ணெண்ணெயும் மெத்துப் பிரஷ்ஷும் போதும், கம்பிப் பிரஷ் வேணாம், உள்ள இருக்க ரப்பர் வளையம் கிழிஞ்சிரும். காஞ்சதும் 90-ம் நம்பர் கியர் ஆயில். ஓட்டிட்டு வந்த சூட்டுல விட்டா நல்லா இறங்கும். நீ என்ன செய்வ? டபிள்யூடி-40 டப்பாவ எடுத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சுட்டு வேலை முடிஞ்சுதும்ப. அது 1953-ல அமெரிக்காவுல அட்லஸ் ஏவுகணையோட தகடு துருப்பிடிக்காம இருக்கச் செஞ்ச சரக்கு. கெட்ட சரக்கு இல்ல. இடுக்குல இருக்க தண்ணிய விரட்டும், இறுகுன போல்ட்டை இளக்கும். ஆனா செயினுக்கு அது எண்ணெய் ஆகாது, மெல்லிசு, நிக்காது. அடிச்சா அதுக்கு மேல எண்ணெய் விடணும். உன் செயின் ஏவுகணை இல்ல, அது ரோட்டுல புழுதி தின்னுக்கிட்டு ஓடுற செயின்.

அடுத்தது மெழுகு. பாலிஷ் எடுக்கும், மெழுகு குடுக்கும். இந்த வித்தியாசம் புரிஞ்சா நீ பாதி மெக்கானிக். பெயிண்ட்டுக்கும் குரோமுக்கும் கார் மெழுகு கொஞ்சம் எடுத்து மெல்லிசாத் தடவி, காஞ்சதும் துணியால எடுத்துட்டா, ஈரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல ஒரு படலம் நிக்கும். மழைக்கு முன்ன ஒரு தடவ, மழை முடிஞ்சு ஒரு தடவ, நடுவுல தண்ணி முத்து முத்தா நிக்காமப் படர ஆரம்பிச்சா இன்னொரு தடவ. வாட்டர் சர்வீஸ்ல டீசல் அடிச்சு மினுக்கிக் குடுப்பாக, சாயங்காலம் வரைக்கும் மின்னும். அப்புறம் ஊர்ப் புழுதி பூராம் ஒட்டும், ரப்பர் ஊதிப் போகும். ஒண்ணு மட்டும் விளையாட்டில்ல, காதைக் குடுத்துக் கேளு. பிரேக் டிஸ்க்குல, டிரம்முல, டயர்ல எண்ணெயோ மெழுகோ ஒரு சொட்டுப் படக்கூடாது. மழைக்கப்புறம் டிஸ்க்குல லேசாச் செம்மை தெரியும். ரெண்டு தடவ பிரேக் புடிச்சா தானாப் போயிரும். அதையும் மினுக்கப் போறேன்னு எண்ணெய் தடவுனேன்னா, அப்புறம் துருப்பிடிக்க வண்டி இருக்கும், ஓட்ட நீ இருக்க மாட்ட.

முன் ஃபோர்க் குழாயைப் பாரு. ஆயில் சீல் மேலயும் கீழயும் ஓடுற மினுமினுப்பான பாகம். அது அழகுக்குப் போட்ட குரோம் இல்ல, வேலைக்குப் போட்ட கெட்டிக் குரோம். அதுல ஒரு துருப்புள்ளி விழுந்தா, ஒவ்வொரு பள்ளத்துலயும் அந்தப் புள்ளி சீல் உதட்டை அறுக்கும். எண்ணெய் கசியும், கசிஞ்ச எண்ணெய் பிரேக்குக்கு இறங்கும். அதனால சைலன்சர் மின்னாட்டிக் கூடப் போகுது, தினம் ஃபோர்க்கை ஒரு துணியால துடை. ஆனா ஃபோர்க்கை யாரு போட்டோ எடுக்குறா?

பளபளன்னு இருக்கட்டும்னு எஞ்சின் மூடிக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கி மாட்டியிருக்கியே, அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. அலுமினியமும் எஃகும் ஒட்டி இருந்து, நடுவுல உப்பு ஈரம் சேந்தா, எஃகுக்குப் பதிலா அலுமினியம் கரையும். போல்ட் மின்னிக்கிட்டே இருக்கும், அதைப் புடிச்சிருக்க மரைதான் வெள்ளைப் பொடியா மாறும். பின்னாடி கழட்டப் போனா தலை மட்டும் கையோட வரும். மாட்டும்போதே மரையில கொஞ்சம் கிரீசைத் தடவிட்டா இந்தச் சண்டை வராது. கப்பலுக்கு அடியில துத்தநாகக் கட்டியை மாட்டிவிடுறதும் இதே கணக்குத்தான். அது கரைஞ்சு கப்பலைக் காப்பாத்துது. உன் வண்டியில நீ எஞ்சினைக் கரைச்சு போல்ட்டைக் காப்பாத்துற.

ஊருக்குப் போறேன், வண்டி ரெண்டு மாசம் நிக்கும்னா, டேங்கை ரொப்பிட்டுப் போ. பாதி டேங்கா விட்டா, மேல இருக்க காத்துல உள்ள ஈரம் ராத்திரிக் குளுமையில தகட்டுல வேர்த்து வடியும். இப்ப பெட்ரோல்ல 20 சதம் எத்தனால் வேற, அது தண்ணியத் தன்னோட சேத்துக்கிற ஜாதி. டேங்க் உள்பக்கம் துருப்பிடிச்சா வெளிய ஒரு புள்ளி கூடத் தெரியாது, அந்தத் தூள் பெட்ரோலோட இறங்கி ஒரு நாளு நடுரோட்டுல நிப்பாட்டும். தார்ப்பாய் போடாத, கொட்டகையில நிறுத்து. இல்லைன்னா காத்து போற துணி உறை போடு, அதுவும் காஞ்ச வண்டி மேல.

அடிச் சட்டத்துல பெயிண்ட்டு உரிஞ்சு துரு வந்த இடத்தை மூடி மறைச்சு மேல பெயிண்ட்டு அடிக்காத. உப்புத்தாள் போட்டு இளகுன துருவை எடு. மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்குறதுக்குத் துருமாத்தின்னு கடையில கிடைக்கும், பாஸ்பாரிக் அமிலமோ டானினோ இருக்கும், செந்துருவைக் கருப்பா மாத்தி நிப்பாட்டிரும். டானின்னா என்னமோ வெளிநாட்டுச் சரக்குன்னு வாயைப் பொளக்காத. நம்ம கடுக்காயில இருக்கிறதுதான் அது. அந்தக் காலத்துல கடுக்காயையும் இரும்பையும் சேத்துத்தான் கருப்பு மை காச்சுனாக. ஊர்ல எத்தனையோ பேருக்குக் கடுக்காய் குடுத்திருக்க, ஒருக்கா துருவுக்கும் குடு. காஞ்ச பொறவு பிரைமர், அதுக்கு மேல பெயிண்ட்டு.

"செராமிக் கோட்டிங் போட்டா அஞ்சு வருசத்துக்குத் தொட வேணாமாம்"னு ஒருத்தன் சொன்னான்னு குதிக்கிற. போடு, காசு இருந்தா போடு. அவன் பூசுறது நீ பாக்குற பக்கம் மட்டுந்தான். உப்பு உக்காருறது நீ பாக்காத பக்கம். தொட வேணாம்னு சொல்ற எதையும் விக்கிறவன் நல்லா இருப்பான், வாங்குறவன்தான் யோசிக்கணும்.

இப்ப எந்திரி. வண்டி 350 சிசி, உனக்கு இருக்க பொறுமை ஒரு சிசி கூடத் தேறாது, அது எனக்குத் தெரியும். அதனால உன்னைய நம்பல. நாளைக்கு வெள்ளனே குழாயில தண்ணி வரும், குடத்தோட வா, நான் திண்ணையில உக்காந்து எங்கெங்க குனியணும்னு சொல்றேன். பழைய வேட்டி நான் தர்றேன், கியர் ஆயில் நீ வாங்கிட்டு வா. வரும்போது அந்தப் பாலிஷ் டப்பாவையும் எடுத்துட்டு வந்துரு, இனிமே அது உன் கையில இருக்கக் கூடாது. கார்த்திகை வருது, அப்பத்தா குத்துவிளக்குக்குப் புளி வாங்குற செலவு எனக்கு மிச்சம்.